அலுவலக லேன் வழியே தொலைபேசி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

திருப்பூரில் பின்னலாடை இயந்திரங்களுக்கான உதிரிப்பாகங்களை விற்கும் எங்கள் அலுவலகத்தில், அழைப்புகளை இணைத்துவந்த பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க இழுத்திருந்த லேன் கம்பிகளிலேயே தொலைபேசிகளையும் இணைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அழைப்புகளை இணைத்துவிடும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள் ஓடும் ஒரு சிறிய கணினி, 18 மேசைத் தொலைபேசிகள், வெளி அழைப்புகளுக்குத் தனிக் கம்பியில் வரும் எஸ்ஐபி ட்ரங்க் (தொலைபேசி நிறுவனம் தரும் இணைப்பு), இவ்வளவுதான் அமைப்பு.

முதல் மூன்று மாதங்கள் பெரும் அவதி. மாலை ஐந்து மணிக்கு மேல் வாடிக்கையாளரின் குரல் துண்டு துண்டாக வந்தது; "கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறீர்களா?" என்று எதிர்முனையில் கேட்பார்கள். அமைத்துக் கொடுத்தவர் இணைய வேகத்தைக் கூட்டச் சொன்னார்; நாங்களும் கேள்வி கேட்காமல் கூட்டினோம், பயனில்லை. கணக்குப் பிரிவிலிருந்து மேல்மாடிக்குப் பேசும்போதும் குரல் உடைகிறது என்று ஒருநாள் கணக்காளர் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. அந்த அழைப்பு கட்டடத்தை விட்டு வெளியே போவதே இல்லை. அப்படியிருக்க இணைய வேகத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு, முகவரி போன்ற தலைப்புத் தகவல்களையும் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. ஆனால் நொடிக்கு 50 பொட்டலங்களாக, அதாவது சிறு தரவுத் துண்டுகளாகப் போகும் அந்தக் குரல் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். கோப்பு என்றால் தொலைந்த பொட்டலத்தை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேச்சில் அதற்கு நேரமில்லை, தாமதமாக வந்ததும் வராததும் ஒன்றே. எங்கள் இரு மாடிகளின் லேன் கம்பிகளையும் இணைத்த ஸ்விட்ச் என்ற பழைய பெட்டி 100 மெகாபிட் வேகம் கொண்டது. அதே வழியில் பதினாறு கண்காணிப்புக் கேமராக்களின் பதிவும், மாலையில் கணக்குக் கோப்புகளின் காப்புப்படியும் சென்றுகொண்டிருந்தன. அந்த நெரிசலில் குரல் சிக்கிக்கொண்டது.

அமைப்புகளை மாற்றக்கூடிய கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, தொலைபேசிகளைத் தனி வி-லேனில் (அதே கம்பிகளுக்குள் ஒரு தனி வலையில்) பிரித்து, குரல் பொட்டலங்களுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியையும் இட்ட பிறகு சிக்கல் தீர்ந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இணைய வேகத்துக்காகக் கூடுதலாகக் கட்டிய பணத்தில் அந்த ஸ்விட்சையே வாங்கியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

தொலைபேசியின் பின்புறத் துளையில் கணினியைச் செருகினால் ஒரு கம்பி மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் வாங்கிய மலிவான கருவிகளில் அந்தத் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் தராது; தொலைபேசியை அணைத்துப் போட்டால் கணினியின் இணைப்பும் அறுந்துவிடும். வைஃபையில் இயங்கும் கருவிகள் இரண்டை வாங்கிப் பார்த்து, ஒரே மாதத்தில் கைவிட்டோம்.

நிறைகளும் உண்டு. ஆஸ்டரிஸ்க் கணினி எங்கள் அலுவலகத்திலேயே இருப்பதால் இணையம் போனாலும் உள் அழைப்புகள் தடையின்றி நடக்கின்றன. அழைப்புகளை வெளியிலிருந்து இணையம் வழியே இணைத்துத் தரும் மேகச் சேவையை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த அறைக்கும் பேச முடியாது. ஒருவர் இடம் மாறினால் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ச் செருகினால் போதும், எண்ணும் கூடவே போகும். மின்சாரம் லேன் கம்பி வழியாகவே வருவதால் ஸ்விட்சுக்கு ஒரு யுபிஎஸ் வைத்தால் எல்லாத் தொலைபேசிகளும் உயிரோடிருக்கும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சென்ற ஆண்டு பின்புறக் கிடங்குக்கு இரண்டு தொலைபேசிகள் கேட்டார்கள். தூரம் 140 மீட்டர். லேன் செப்புக் கம்பிக்கு வரம்பு 100 மீட்டர். அதை மீறி இழுத்துப் பார்த்ததில் கருவிகளுக்கும் ஆஸ்டரிஸ்க் கணினிக்கும் இடையிலான தொடர்பு அடிக்கடி அறுந்தது. பிறகு ஒளியிழை போட்டு, கிடங்கில் சிறிய ஸ்விட்ச் ஒன்றை வைத்தோம். அதற்கு மட்டும் யுபிஎஸ் இன்னும் வாங்கவில்லை. மின்தடை வந்தால் கிடங்குக்கு ஆள் அனுப்பித்தான் சரக்கு கேட்கிறோம்.