வெளிநாட்டில் பழகிய சாப்பாடு: பெட்டியில் எடுத்துச் செல்வதா, உணவகத்தில் வாங்குவதா?

புதிய உணவுகளை எவ்வளவு ஆர்வத்தோடு தேடிச் செல்பவருக்கும், பயணம் நீளும்போது பழகிய சாப்பாட்டின் மீது நாட்டம் வந்துவிடுகிறது. அதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு: உணவுப் பொருள்களைப் பெட்டியில் எடுத்துச் சென்று தங்குமிடத்தில் தயாரித்துக்கொள்ளலாம்; அல்லது அங்கே தாய்நாட்டு உணவு சமைக்கும் உணவகத்தில் வாங்கிச் சாப்பிடலாம். இரண்டையும் செய்து பார்த்தபின் நான் உணவகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதால், இதை நடுநிலையான தீர்ப்பாக யாரும் கொள்ள வேண்டாம்.

எடுத்துச் செல்வதில் செலவு குறைவு, நேரமும் நம் கையில் இருக்கும். ஆனால் சிக்கல் எல்லையிலேயே தொடங்கிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெரும்பாலான வெளிநாடுகளிலிருந்து இறைச்சியையும் பால் பொருள்களையும் பயணிகள் கொண்டுவர முடியாது. நியூசிலாந்தில் உணவை அறிவிக்காமல் கொண்டுவந்து பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கப்படலாம். இவற்றைத் தாண்டினாலும், மின்கெட்டில் ஒன்றை மட்டுமே தரும் விடுதி அறையில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் வகைகளைத் தவிர வேறொன்றும் எடுபடாது.

உணவகத்தின் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை, ‘ஊரில் உள்ள ருசி இல்லை’ என்பது. அந்தக் குறை பெரும்பாலும் சமையல்காரரின் திறமையைப் பொறுத்ததன்று, அவர் யாருக்காகச் சமைக்கிறார் என்பதைப் பொறுத்தது. வருபவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்களாக இருக்கும் சமையலறை, அவர்களுடைய நாக்குக்கு ஏற்பக் காரத்தையும் புளிப்பையும் குறைத்து, இனிப்பையும் கொழுப்பையும் கூட்டி, நூறு பெயர்கள் கொண்ட நீண்ட பட்டியலை இரண்டு மூன்று பொதுவான குழம்புகளிலிருந்தே சமாளிக்கிறது. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடை அப்படித்தான் பிழைக்க முடியும். புலம்பெயர்ந்த தொழிலாளர்களும் மாணவர்களும் அன்றாடம் சாப்பிடும் கடையிலோ பட்டியல் சிறியதாக இருக்கும், நாளுக்கு நாள் மாறும், பொருள்களும் தேங்காமல் விற்றுத் தீரும்.

அத்தகைய கடையைக் கண்டுபிடிக்க, செயலிகளில் காணும் நட்சத்திர மதிப்பெண் அவ்வளவாக உதவாது. மாற்றப்பட்ட ருசியை விரும்பியவர்களும் சேர்ந்துதான் அந்த மதிப்பெண்ணைத் தந்திருக்கிறார்கள். தாய்மொழியில் எழுதப்பட்ட கருத்துகளை மட்டும் வாசிப்பதும், தாய்நாட்டு மளிகைக் கடைகள் உள்ள தெருவில் தேடுவதும், வார இறுதி இரவைவிட வேலைநாள் மதியத்தில் கூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும் எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கின்றன. பணியாளர்கள் தங்களுக்கென்று என்ன சமைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு அதையே தரச் சொல்வதும் உண்டு, அவர்கள் மறுப்பது அரிது.

எதை வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். பருப்பு, தானியம், காய்ந்த மசாலா ஆகியவற்றை நம்பியிருக்கும் உணவுகள் கடல் கடந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. பச்சை இலைகள், பால், மாவின் தன்மை ஆகியவற்றை நம்பியவை தேர்ந்த கையிலும் வேறாகிவிடுகின்றன. டெலிவரியை நான் கூடியவரை தவிர்க்கிறேன். பொரித்தவை வழியிலேயே நமத்துப்போகும் என்பது ஒருபுறம் இருக்க, சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பார்சல் பையில் அந்தச் சூடு நிற்காது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் உணவகமே வசதியாக இருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், எள், வேர்க்கடலை உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலை உணவகங்களும் தர வேண்டும் என்பது சட்டம்.

இவ்வளவும் பெரிய நகரங்களில் தங்கிய அனுபவத்திலிருந்து சொல்வது. தாய்நாட்டு மக்களே இல்லாத சிற்றூருக்குச் செல்பவருக்குப் பெட்டிதான் துணை. கைக்குழந்தையோடு செல்பவர்களும், மருத்துவர் வகுத்த உணவை மட்டுமே உண்பவர்களும் என் சாய்வைப் பொருட்படுத்தாமல் உணவை எடுத்துச் செல்வதே நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையிலேயே குழந்தைகளுக்கான பால் பொடிக்கும் மருத்துவச் சிறப்பு உணவுக்கும் 2 கிலோ வரை விலக்கு உண்டு. ஆனால் அவை பிரிக்கப்படாத நிறுவனப் பொதியாகவும், பிரிக்கும்வரை குளிர்சாதனம் தேவைப்படாதவையாகவும் இருக்க வேண்டும்.