ஒரே லேபிளா, பல ஊர்களா? பழைய சோல், ஃபங்க் கேட்க எங்கே தொடங்கலாம்

கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகைகளான சோல், ஃபங்க் இரண்டிலும் மறந்துபோன பாடல்களைத் தேடுபவர்கள் பலர் இந்த இரண்டு மறுவெளியீட்டுத் தொகுப்புகளுக்கு நடுவே தயங்குகிறார்கள்: சிகாகோவின் நியூமரோ குரூப் என்ற லேபிள் (இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனம்) 2004-இல் வெளியிட்ட 'எக்சென்ட்ரிக் சோல்: த கேப்சோல் லேபிள்', ஸ்டோன்ஸ் த்ரோ என்ற லேபிளின் 'த ஃபங்கி 16 கார்னர்ஸ்' (2001).

பரப்பு
கேப்சோல்: ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் பில் மாஸ் நடத்திய ஒரே சிறு லேபிள்.
ஃபங்கி 16: பல ஊர்களின் அரிய 45 ஆர்பிஎம் தட்டுகள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய இசைத்தட்டுகள்). இண்டியானாபொலிஸின் ஹைலைட்டர்ஸ் குழு இதில் உண்டு. ஹூஸ்டனின் காஷ்மியர் ஸ்டேஜ் பேண்டும் உண்டு. இந்த பேண்டில் வாசிப்பவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் என்று நம்பவே முடியாது!

மனநிலை
கேப்சோல்: குரல்தான் எல்லாம். மேரியன் பிளாக் பாடும் 'ஹூ நோஸ்' இரவில் தனியாகக் கேட்க வேண்டியது. ஜான்சன், ஹாக்கின்ஸ், டேட்டம் அண்ட் டர் குழுவின் கூட்டுக்குரலுக்காகவே இதை வாங்கலாம்.
ஃபங்கி 16: டிரம்ஸும் பிராஸும் (டிரம்பெட் போன்ற ஊதுகருவிகள்). கால் தானாக ஆடும்.

செலவு
இரண்டுமே மூலத் தட்டுகளைத் தேடி வாங்குவதைவிட மிக மலிவு.

சரி, எது யாருக்கு? பாட்டோடு ஒரு ஊரின் கதையும் வேண்டுமென்றால் கேப்சோல். தாளத்துக்காகக் கேட்பவர்களுக்கும், பழைய பாட்டுத் துண்டுகளை வைத்துப் புதிய தாளம் (பீட்) செய்பவர்களுக்கும் ஃபங்கி 16. என் கை முதலில் போவது கேப்சோல் பக்கம்தான்.