ஸ்விஃப்ட்டுக்கு 16 இன்ச் அலாய் மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோவையில் ஒரு டயர் கடையில் போன வருடம் நான் ஏமாந்ததை எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். இதே பேச்சை எந்த ஊர்க் கடையிலும் கேட்கலாம்.

என்னுடையது மாருதி ஸ்விஃப்ட் கார், விஎக்ஸ்ஐ வேரியன்ட். கம்பெனி டயர் 165/80 ஆர்14. தேய்ந்துவிட்டதே, மாற்றலாம் என்று போனேன். கடைக்காரர் 16 இன்ச் அலாய் ரிம்மையும் 205/60 டயரையும் எடுத்து வைத்தார். உரசாதா என்று இரண்டு முறை கேட்டேன். "உரசவே உரசாதுங்ணா, எத்தனை ஸ்விஃப்ட்டுக்குப் போட்டிருக்கோம்" என்றார். பழைய ரிம், டயரையும் வைத்துக்கொண்டு மேலே 52,000 ரூபாய் வாங்கினார்கள். கடை வாசலில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. காலி வண்டி, நேர் ரோடு. எப்படி வரும்?

அடுத்த வாரம் குடும்பத்தோடு வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். மூன்றாவது வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் முன்பக்கம் 'சர்ர்' என்றது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னால் அரம் போடுகிற சத்தம். ஒன்பதாவது வளைவில் வியூ பாயின்ட் இருக்கிறதல்லவா, அங்கே நிறுத்தி இறங்கினேன். ரப்பர் கருகிய வாடை. இடது பின் டயரின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ரப்பர் சீவிப் போயிருந்தது. மேலே வீல் ஆர்ச்சுக்குள், அதாவது சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் பாடிக்குள், மடித்துவிட்ட தகர விளிம்பு பெயின்ட் போய்ப் பளபளத்தது. தொட்டுப் பார்த்தேன், கத்தி மாதிரி இருந்தது. அந்த டயருக்கு நேர் மேலே பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காலி வண்டியை மெதுவாகக் கீழே இறக்கினேன்.

கணக்கை அப்புறம்தான் போட்டுப் பார்த்தேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டும், ஐந்து நிமிட வேலை. டயரின் அகலம் 165 மி.மீ., அதில் 80 சதவீதம் 132 மி.மீ. அதுதான் டயரின் பக்கவாட்டு உயரம். மேலும் கீழுமாக 264. 14 இன்ச் ரிம் 355.6. கூட்டினால் மொத்த விட்டம் கிட்டத்தட்ட 620. இதேபோல 205/60 ஆர்16-க்குப் போட்டால் 652! ஐந்து சதவீதத்துக்கும் மேல் பெரிது. ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி அந்த ஐந்து சதவீதம் கூடுதல் வேகத்தில் போகும். 195/55 ஆர்16 போட்டிருந்தால் 621தான். ரிம் 16 இன்ச் என்பதில் குற்றமில்லை, டயர் சைஸில்தான் கோளாறு.

உயரம் ஒரு பக்கம். கடையில் யாருமே பேசாதது ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் மாட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். புது ரிம் பழையதைவிட ஒன்றரை இன்ச் அகலம், அதாவது பக்கத்துக்கு 19 மி.மீ. ஆஃப்செட் 10 மி.மீ. குறைவு. ஆஃப்செட் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். ஆக, ரிம்மின் வெளி ஓரம் 29 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கமும் 9 மி.மீ. சஸ்பென்ஷனை நெருங்கிவிட்டது. ஆள் ஏறி வண்டி அமுங்கினால் விளிம்பு டயரில் உட்காராமல் என்ன செய்யும்? போல்ட் ஓட்டை பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து "உங்க வண்டிக்குச் சேரும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

திரும்பக் கடைக்குப் போனேன். முன் வீல் ஆர்ச்சின் பிளாஸ்டிக் லைனரை பிளேடால் அறுத்துவிடலாம், பின்பக்கத் தகரத்தைத் தட்டி மடக்கலாம், ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் மாட்டலாம் என்றார்கள், அதுவும் தனிக் காசுக்கு. மாட்டிய டயருக்கு ரிட்டர்ன் கிடையாதாம். பில்லில் 'அலாய் செட், டயர் செட்' என்றுதான் இருக்கிறது, சைஸே இல்லை. டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத் தேதியையும் அன்றுதான் பார்த்தேன். 1419. 2019-ஆம் வருடத்தின் 14-வது வாரத்தில் செய்தது. விற்காமல் கிடந்ததை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நீங்கள் போனால் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் டயர் சைஸைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புது ரிம்மின் அகலம், ஆஃப்செட், டயர் சைஸ், தேதி நான்கையும் பில்லில் எழுதித் தந்தால்தான் பணம் என்று சொல்லுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் முதலில் மாட்டச் சொல்லி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து, டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். கடைப் பையன்களே ஏறி உட்காரட்டும்.

இப்போது என் வண்டியில் ஓடுவது அதே ஸ்விஃப்ட்டின் மேல் வேரியன்ட்டுக்கு வரும் 15 இன்ச் ரிம், 185/65 டயர். விட்டம் 621.5. அந்த 16 இன்ச் செட் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. ஒருவர் வந்து டயரை மட்டும் விலைக்குக் கேட்டார். சீவிப்போன இடத்தைக் காட்டி, தர முடியாது என்று அனுப்பிவிட்டேன்.