கைதாகத் தயாரானவரும் கல் எறிபவரும்

போராட்டத்தில் இந்த இரண்டு பேருமே சட்டத்தை மீறுகிறார்கள். வேறுபாடு, மீறிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான். 1955இல் அமெரிக்காவின் மாண்ட்கமெரியில், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் ஓடி ஒளியவில்லை. கைதானார், வழக்கைச் சந்தித்தார். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் சொன்ன சட்டமறுப்பும் இதுதான்: வெளிப்படையாக, வன்முறையின்றி, தண்டனைக்குத் தயாராக, சக குடிமக்களின் நீதியுணர்வோடு பேசுவது.

வன்முறை பேசுவதில்லை, மிரட்டுகிறது. தேர்தலும் நீதிமன்றமும் உள்ள இடத்தில் அதற்கு நியாயம் கற்பிப்பது கடினம்.

சரி, வாக்குரிமையே இல்லாதவர்கள்? 1912இல் லண்டனில் வாக்குரிமை கேட்டுக் கடைக் கண்ணாடிகளை உடைத்த பெண்களை அதே தராசில் நிறுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது ஜனநாயகமே அல்ல. ஆனால் அதே இயக்கத்தினர் தபால்பெட்டிகளுக்குத் தீ வைத்தபோது தபால்காரர்கள் காயப்பட்டார்கள். அங்கே என் பரிவு நின்றுவிடுகிறது.