ஏழு பேருக்கு ஒரே கதவு: ஜப்பான் நகரங்களில் அபார்ட்மென்ட் வகை விடுதிகள்

என் பெற்றோர், நாங்கள் இருவர், எங்கள் இரண்டு குழந்தைகள், மனைவியின் தங்கை என ஏழு பேராக டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா ஆகிய மூன்று நகரங்களில் 12 இரவுகள் தங்கினோம். அங்குள்ள வழக்கமான பிசினஸ் ஹோட்டல் அறை பெரும்பாலும் 12 முதல் 15 சதுர மீட்டர்தான் இருக்கும். ஒருவர் பெட்டியைத் திறந்து வைத்தால் மற்றவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டியிருக்கும். அத்தகைய அறைகளை நான்காகப் பிரித்து எடுத்தால், முதியவர்கள் ஒரு தளத்திலும் குழந்தைகள் வேறொரு தளத்திலும் இருப்பார்கள். இரவில் ஒரு மாத்திரை கொடுக்கக்கூட லிஃப்டில் ஏறி இறங்க நேரும். எனவே சமையலறையும் சாப்பாட்டு மேசையும் உள்ள அபார்ட்மென்ட் வகைத் தங்குமிடங்களையே மூன்று ஊர்களிலும் தேர்ந்தெடுத்தோம். அந்த முடிவில் எனக்கு முழு நிறைவு உண்டு. ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்த முறையில் நாங்கள் செய்த பிழைகளும் உண்டு.

முதற்பிழை, ‘இத்தனை பேர் தங்கலாம்’ என்ற எண்ணை நம்பியது. டோக்கியோவில் உவேனோ பகுதியில் நாங்கள் எடுத்த அறைக்கு 8 பேர் வரை என்று போட்டிருந்தார்கள். இரண்டு பெரிய கட்டில்கள், குழந்தைகள் கண்டதும் தாவி ஏறிய இரண்டடுக்குக் கட்டில், விரித்தால் படுக்கையாகும் ஒரு சோபா என இடம் உண்மையிலேயே இருந்தது. குடும்பம் முழுவதும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து காலை உணவு உண்ட அந்த 5 நாட்களும் பயணத்தின் மிக நல்ல நாட்கள். கியோட்டோவில் அதே எண்ணிக்கை வேறு பொருள் தந்தது. அங்கே கட்டில்கள் இரண்டே. மற்றவர்களுக்குத் தத்தாமிப் பாய் விரித்த அறையில் ஃபுத்தோன் மெத்தைகள். முழங்கால் வலியுள்ள என் தந்தையால் தரையிலிருந்து ஊன்றி எழ முடியவில்லை. முதல் இரவு அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே பாதித் தூக்கம் தூங்கினார். மறுநாள் நாங்கள் கட்டிலை அவருக்கும் அம்மாவுக்கும் விட்டுக்கொடுத்தோம். முன்பே அறையின் தள வரைபடத்தைப் பார்த்து யார் எங்கே படுப்பது என்று பெயர் போட்டுப் பார்த்திருந்தால் அந்த இரவு நேர்ந்திருக்காது.

ஆகவே அறையின் தள வரைபடத்தைக் கேட்டுப் பெறுங்கள். ஜப்பானியத் தங்குமிடங்களில் பல அதைப் படங்களோடு வெளியிடுகின்றன. ‘2எல்டிகே’ என்றால் இரண்டு தனி அறைகளும், வரவேற்பு, உணவு, சமையல் மூன்றும் சேர்ந்த ஒரு கூடமும் என்று பொருள். ‘1கே’ என்றால் ஓர் அறையும் சிறு சமையலறையும் மட்டுமே. அறையின் அளவை ‘ஜோ’ என்ற தத்தாமிப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். வீட்டு விளம்பரங்களில் ஒரு ஜோ 1.62 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்பதால் 6 ஜோ அறையை ஏறத்தாழ 10 சதுர மீட்டர் என்று கொள்ளலாம். ‘செமி டபுள்’ என்ற கட்டிலை இருவருக்கானது என்று கணக்கிட்டிருப்பார்கள். அதன் அகலம் 120 செ.மீ. அளவில்தான் இருக்கும், வளர்ந்த இருவர் அதில் நிம்மதியாகத் தூங்குவது கடினம். கழிப்பறை குளியலறையிலிருந்து தனியாக இருக்கிறதா என்பதையும் வரைபடமே காட்டிவிடும். ஏழு பேர் காலையில் கிளம்பும் வீட்டுக்கு இதைவிட முக்கியமான வசதி இல்லை என்பேன்.

அடுத்தது, அந்த இடம் எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது என்பது. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை பெரும்பாலும் இரு வகை. ஒன்று, விடுதித் தொழில் சட்டத்தின்படி உரிமம் பெற்ற அபார்ட்மென்ட் ஹோட்டல். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றிலும் குடும்பங்களையும் குழுக்களையும் மனத்தில் வைத்து நடத்தப்படும் மிமாரு என்ற விடுதித் தொடர் இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொன்று ‘மின்பாக்கு’ எனப்படும் வீட்டுத் தங்கல். 2018 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி இத்தகைய வீடுகளை ஆண்டுக்கு 180 நாட்களுக்கு மேல் வாடகைக்கு விட முடியாது. உள்ளாட்சிகள் இன்னும் இறுக்கலாம். கியோட்டோ நகரம் குடியிருப்புக்கென ஒதுக்கிய பகுதிகளில் பெரும்பாலும் ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை மட்டுமே இதை அனுமதிக்கிறது. அதாவது செர்ரி மலரும் ஏப்ரலில் அத்தகைய தெருவில் ஒரு வீடு மலிவாகக் கிடைத்தால், முன்பணம் கட்டும் முன் அதன் பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். எண் தரத் தயங்கும் இடத்தைக் குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் விட்டுவிடுவதே நல்லது. ஒசாகாவில் சிறப்பு மண்டல ஏற்பாட்டின்படி நடக்கும் வீடுகளுக்கு இந்த 180 நாள் வரம்பு இல்லை; ஆனால் குறைந்தது 2 இரவுகள் தங்க வேண்டும்.

வரவேற்பு மேசையில் ஆள் இருப்பது வெறும் உபசாரம் அல்ல என்பதை நாங்கள் ஒசாகாவில் உணர்ந்தோம். அங்கே எடுத்தது ஆளில்லா அடுக்ககம். கதவு எண்களை அழுத்தித் திறந்தது, உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் காலை 11 மணிக்கு ஊர் சேர்ந்த எங்களுக்கு மாலை 4 மணிக்குத்தான் கதவு திறக்கும். ஐந்து பெட்டிகளை வைக்க இடமில்லை. ரயில் நிலையத்தின் பெரிய காயின் லாக்கர்கள் எல்லாம் நிறைந்திருந்தன. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நாங்கள் பெட்டிகளைத் ‘தக்யூபின்’ கூரியர் வழியே முந்தைய நாளே அனுப்பிவிட்டுக் கைவீசி ரயிலேறியிருந்தோம். ஆனால் ஆளில்லா இடத்தில் அதைப் பெற்று வைப்பவர் யாருமில்லை என்பதால் ஒசாகாவுக்கு அப்படி அனுப்ப இயலவில்லை. இந்த மூன்று நகரங்களையும் இணைக்கும் தொக்காய்தோ ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை 160 செ.மீ.யைத் தாண்டும் பெட்டிக்கு அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டியிருப்பதால், கூட்டமாகப் பயணம் செய்பவர்களுக்கு இந்தக் கூரியர் வசதி பெரிய நிம்மதி.

நிலையத்திலிருந்து தொலைவைப் பற்றி ஒரு சொல். ஜப்பானிய வீட்டு விளம்பரங்களில் ஒரு நிமிட நடை என்பது 80 மீட்டர். அதில் சிவப்பு விளக்கில் நிற்கும் நேரமோ படிக்கட்டோ கணக்கில் வராது. 8 நிமிடம் என்று எழுதியிருந்த தொலைவு என் தாய்க்கு 20 நிமிடமானது. எந்த வெளிவாயிலில் லிஃப்ட் இருக்கிறது என்பதையும், அதிலிருந்து விடுதி எவ்வளவு தொலைவு என்பதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதி குறிப்பிடும் ‘அருகிலுள்ள வாயில்’ பல வேளைகளில் படிக்கட்டு மட்டும் உள்ள வாயிலாக இருக்கும்.

சமையலறை எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. என் பெற்றோர் சைவம். ஜப்பானிய உணவில் காய்கறிச் சூப்பிலும் நூடுல்ஸிலும்கூட கத்சுவோ மீன் கலந்த தாஷிச் சாறு இருப்பது இயல்பு என்பதால், ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது சோறும் பருப்பும் அறையிலேயே சமைத்தோம். பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றோ இரண்டோ இருக்கும். ரைஸ் குக்கரைச் சில இடங்களில் கேட்டால்தான் தருகிறார்கள். பாத்திரங்கள் நால்வருக்கான அளவில் இருந்ததால் இரண்டு முறை வடித்தோம். குப்பையை எரியக்கூடியவை, பிளாஸ்டிக், பெட் பாட்டில், கேன் என்று பிரித்துப் போடும் முறையைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அதைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தோம், அவர்கள் மிகக் கண்டிப்பாக நடத்தினார்கள். சலவை இயந்திரம் துவைத்து உலர்த்தும் இரண்டையும் செய்யுமா என்று கேளுங்கள். செய்தாலும் ஒரு சுமைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகையால் இரவு உணவுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, ஜப்பானில் ஒரே அறைக்கும் தங்குவோர் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் மாறுவதால், குழந்தைகளையும் சேர்த்துச் சரியான எண்ணிக்கையிலேயே தேடுங்கள். தங்கல் வரியும் ஆள்கணக்குதான். கியோட்டோவில் 2026 மார்ச் முதல் நாள் தொடங்கி, ஒருவருக்கு ஓர் இரவுக்கு 6,000 யென் முதல் 20,000 யென்னுக்குள் ஆகும் அறைக்கு 400 யென் வரி. ஓர் இரவு 70,000 யென் அறையில் ஏழு பேர் தங்கினால் தலைக்கு 10,000 யென் ஆவதால் நாளொன்றுக்கு 2,800 யென் கூடும். சிறு அறைகள் நான்கை எடுத்துப் பார்த்தால் தொகை ஏறத்தாழ இதே அளவில்தான் வந்து நிற்கும். சமைத்து மிச்சமாகும் உணவுச் செலவையும் சேர்த்தால் பெரிய அறையே மேல்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் தங்குவோருக்கே இந்த வகையைப் பரிந்துரைப்பேன். ஒரே இரவு தங்கி மறுநாள் காலை கிளம்புகிறவர்கள் அரிசி வாங்கி, பாத்திரம் கழுவி, குப்பை பிரித்து முடிப்பதற்குள் வெளியேறும் நேரமான 10 மணி வந்துவிடும்; அவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்து அறைகள் தருவதாக உறுதியளிக்கும் சாதாரண விடுதியே போதும்.