சவுத்போர்ட் தத்துப் பதிவகத்தின் சேவை: ஒரு மதிப்புரை

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ 2005 டிசம்பர் 30க்கு முன் குழந்தைப் பருவத்தில் தத்துக் கொடுக்கப்பட்ட ஒருவர், தம்மைப் பெற்றவர் யார் என்று அறிய விரும்பினால், முதலில் விண்ணப்பிக்க வேண்டிய இடம் இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில் இயங்கும், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் அரசு அலுவலகமான ஜெனரல் ரெஜிஸ்டர் ஆபீஸின் தத்துப் பிரிவு. மூலப் பிறப்புப் பதிவை அறியச் செய்வது, பிரிந்த உறவினர்களின் பெயர்களைத் தொடர்புப் பதிவேட்டில் வைத்திருப்பது என அது இரண்டு பணிகளைச் செய்கிறது. முதல் பணியை மனமாரப் பாராட்டுகிறேன். இரண்டாவது பணி நடக்கும் விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படியான தத்து 1927 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, தத்துப் பதிவையும் மூலப் பிறப்புப் பதிவையும் இணைக்கும் விவரம் பொதுமக்கள் பார்வைக்கு மூடப்பட்டது. ஸ்காட்லாந்தின் 1930ஆம் ஆண்டுச் சட்டம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த விவரத்தைப் பெறும் உரிமையைத் தொடக்கத்திலேயே கொடுத்திருக்க, இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் 1976 நவம்பரில் செயலுக்கு வந்த பிறகே, 18 வயது நிறைந்தவர்கள் தங்கள் பிறப்பு விவரத்தைக் கேட்டுப் பெற முடிந்தது. அந்த உரிமை பழைய தத்துகளுக்கும் பொருந்தும்.

1975 நவம்பர் 12க்கு முன் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள், விவரத்தைப் பெறும் முன் ஓர் ஆலோசகரைக் கட்டாயம் சந்திக்க வேண்டும். பிள்ளைக்கு எந்நாளும் எதுவும் தெரிய வராது என்று அக்காலத்துத் தாய்மார்கள் பலரிடம் உறுதி கூறப்பட்டிருந்ததே இதற்குக் காரணம். நடுவயதைக் கடந்தவர்களிடம் இப்படி ஒரு நிபந்தனை விதிப்பது அவமதிப்பு என்று சிலர் கருதுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. என்னுடன் பணியாற்றிய, 1967இல் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவருக்காக இந்த நடைமுறையை அருகிலிருந்து பார்த்தேன். தம் பிறவிப் பெயரையும் தாயின் பெயரையும் தபால் உறையில் தனியாகப் பிரித்துப் படிக்காமல், பொறுமையாக விளக்கம் தரத் தெரிந்த ஒருவர் எதிரில் இருக்கும்போது அறிந்துகொண்டது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தத்து உத்தரவு பிறப்பித்த நீதிமன்றத்தின் பெயரும் அச்சந்திப்பில் கிடைத்தது. தத்தை ஏற்பாடு செய்த அமைப்பையும் அதன் கோப்பையும் தேடிச் செல்வதற்கு அந்தப் பெயரே வழி. 1975 நவம்பர் 12 முதல் தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்குச் சந்திப்பு கட்டாயமில்லை என்றாலும், அவர்களும் கேட்டுப் பெறுவது நல்லது.

விவரம் தெரிந்த பின் 12.50 பவுண்ட் செலுத்தினால் மூலப் பிறப்புச் சான்றிதழ் வந்துவிடும். அதில் எல்லாம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். திருமணமாகாத தாயின் குழந்தை என்றால் தந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. முகவரியும் சில வேளைகளில் தாய் பிரசவ காலத்தில் தங்க வைக்கப்பட்ட விடுதியினுடையதாக இருக்கும். ஆனாலும் தாயின் முழுப்பெயர் கிடைத்துவிட்டால், எவரும் பார்க்கக்கூடிய அட்டவணைகளே அதற்கு மேல் துணை செய்யும். 1912 முதல் திருமண அட்டவணையில் துணைவரின் குடும்பப் பெயரும், 1911இன் பிற்பகுதி முதல் பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் அச்சாகியிருப்பதால், அந்தத் தாய் பின்னாளில் யாரை மணந்தார், அவருக்கு வேறு பிள்ளைகள் உண்டா என்பதைக்கூடப் பல நேரங்களில் கண்டறியலாம்.

இனி, 1991இல் தொடங்கப்பட்ட தொடர்புப் பதிவேடு. தத்துப் பிள்ளைகள் ஒரு பகுதியிலும் பிறப்புவழி உறவினர்கள் மறு பகுதியிலும் பதிந்துகொள்கிறார்கள். இரண்டும் பொருந்தினால் உறவினரின் பெயரும் முகவரியும் பிள்ளைக்கு அனுப்பப்படும். பதிவேடு தானாக யாரையும் தேடாது; இருவருமே அது இருப்பதை அறிந்து, இருவருமே பதிந்திருந்தால்தான் பயன். வயது முதிர்ந்த ஒரு தாய்க்கு இப்படி ஒன்று இருப்பதை யார் சொல்வார்கள்?

கட்டணம் எனக்கு இதைவிட அதிக வருத்தம் தருகிறது. பிள்ளைக்கு 15 பவுண்ட், உறவினருக்கு 30 பவுண்ட். 1949 முதல் 1976 வரை திருமணமாகாத தாய்மார்களின் ஏறத்தாழ 1,85,000 குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தின் மனித உரிமைகளுக்கான கூட்டுக் குழு 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அத்தாய்மார்களில் பலர் நிர்ப்பந்தத்தால் பிள்ளையைப் பிரிந்தவர்கள். அவர்களிடம் பணம் வாங்குவதே நியாயமில்லை, இருமடங்கு வாங்குவதை எப்படி நியாயப்படுத்துவது? உறவினர் பகுதியை இலவசமாக்கும் வரை இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தர எனக்கு மனம் வராது.

ஆகவே பதிவேட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 2005 டிசம்பர் 30க்கு முன் நடந்த தத்துகளில், பிள்ளையைத் தேடிக் கண்டறிந்து, அவருடைய சம்மதம் பெற்ற பின்பே தொடர்பு ஏற்படுத்தித் தரும் இடைநிலை அமைப்புகளை உறவினர்கள் நாடலாம். தத்துப் பிள்ளைகளும் பெற்றவரைத் தேட இந்த அமைப்புகளின் உதவியைக் கேட்கலாம். 2014 முதல் தத்துப் பிள்ளையின் மக்களும் பேரப்பிள்ளைகளும்கூட இவ்வழியில் விண்ணப்பிக்க முடிகிறது. இந்த அமைப்புகள் தனியே கட்டணம் கேட்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே எழுத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தொடர்பை விரும்பாதவர்கள் அந்த விருப்பத்தையும் பதிவேட்டில் பதியலாம். முன்பே பதிந்தவர்கள் வீடு மாறும்போது புதிய முகவரியைச் சவுத்போர்ட்டுக்குத் தெரிவிக்க மறக்கக் கூடாது. பொருத்தம் கிடைத்தாலும், பழைய முகவரிக்குப் போகும் கடிதத்தால் யாருக்கும் பயனில்லை.