முதல் மூன்று ரேங்க் யாருக்கு? மதிப்பெண் பட்டியலும் எக்செல் ஃபார்முலாக்களும்

2015-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வந்தபோது 500-க்கு 499 எடுத்து மாநில முதலிடம் பிடித்தவர்கள் 41 பேர். 498 எடுத்த 192 பேர் இரண்டாமிடம், 497 எடுத்த 540 பேர் மூன்றாமிடம். இதே பட்டியலை எக்செலின் ரேங்க் ஃபார்முலாவிடம் கொடுத்தால் 498 எடுத்தவருக்கு 42-ஆம் ரேங்க் போடும். 497 எடுத்தவருக்கு 234. ஃபார்முலாவைக் குறை சொல்ல முடியாது. தனக்கு மேலே எத்தனை பேர் என்று எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். நம் பள்ளிக்கூடங்களில் கணக்கு வேறு. ரேங்க் மதிப்பெண்ணுக்குத்தான், தலைக்கு இல்லை. ஒரே மதிப்பெண்ணில் எத்தனை பேர் இருந்தாலும் அடுத்த மதிப்பெண்காரருக்கு அடுத்த ரேங்க்.

2017 முதல் மாநில ரேங்க் அறிவிப்பையே அரசு நிறுத்திவிட்டது. வகுப்பறைக்குள் அது நிற்கவில்லை. காலாண்டு, அரையாண்டு என்று ஒவ்வொன்றும் முடிந்ததும் "முதல் மூணு ரேங்க் யாரு சார்?" என்று பிள்ளைகள் கேட்பதற்கு முன்பே பெற்றோர் கேட்டுவிடுகிறார்கள். பள்ளியில் தேர்வுப் பொறுப்பு என்னிடம் வந்ததிலிருந்து பழைய எக்செல், லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ், இப்போதைய மைக்ரோசாஃப்ட் 365 என்று எல்லாவற்றிலும் இந்த ஒரே வேலையைச் செய்து பார்த்தாயிற்று. எது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரேங்க் ஃபார்முலாவிலிருந்தே தொடங்கலாம். 2010 பதிப்பில் இதை இரண்டாகப் பிரித்தார்கள். ரேங்க்.ஈக்யூ பழையதைப் போலவே வேலை செய்யும். ரேங்க்.ஏவிஜி சமமாக இருப்பவர்களுக்குச் சராசரி ரேங்க் தரும்; அதாவது இரண்டாவது இடத்தில் இருவர் இருந்தால் ஆளுக்கு 2.5. புள்ளியியல் ஆய்வேடு எழுதுகிறவருக்கு அது வேண்டும். ரேங்க் கார்டில் 2.5 என்று எழுதி அனுப்பிவிட்டு மறுநாள் பள்ளிக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. பழைய ரேங்க் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அதனால் பழைய ஃபைல்கள் கெடவில்லை.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் டாலர் குறி. ஒப்பிட வேண்டிய பட்டியலை எஃப்4 அழுத்திப் பூட்டாமல் ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் பட்டியலும் கூடவே நழுவும். ஒவ்வொரு மாணவரும் தனக்குக் கீழே இருப்பவர்களோடு மட்டும் போட்டி போடுவார். கடைசிப் பெயருக்குப் போட்டியாளரே இல்லாததால் அவருக்கு எப்போதும் முதல் ரேங்க். யாராவது ஒரு பட்டியலைக் கொண்டுவந்து "இது சரியா பாருங்க" என்றால் நான் முதலில் பார்ப்பது கடைசி வரிசையைத்தான்.

அடுத்தது தேர்ச்சி. ஒரு பாடத்தில் 33 வாங்கியவர் மற்ற நான்கிலும் 95-க்கு மேல் வைத்திருந்தால் கூட்டுத்தொகை 413-க்கு மேல் போய்விடும். ஆனால் 35-ஐத் தொடாததால் எங்கள் வழக்கப்படி ரேங்க் கிடையாது. ரேங்க் ஃபார்முலாவுக்கு இந்த நிபந்தனையைச் சொல்ல வழியே இல்லை. அதனால் அதை விட்டுவிட்டு கவுண்டிஃப்ஸுக்கு மாறினேன்: முடிவு என்ற நெடுவரிசையில் "தேர்ச்சி" என்று இருந்து, மொத்தம் என்னுடையதைவிட அதிகமாகவும் இருப்பவர்கள் எத்தனை பேர், கூட்டல் ஒன்று. படித்தாலே புரிகிற ஃபார்முலா. எனக்குப் பிறகு இந்தப் பொறுப்புக்கு வருகிறவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. ஆனாலும் இது தரும் வரிசையும் 1, 2, 2, 4 தான்.

1, 2, 2, 3 வேண்டுமானால் பழைய எக்செலில் சம்ப்ராடக்ட், அதாவது பெருக்கிக் கூட்டும் ஃபார்முலா. அதன் சூட்சுமம் அழகானது. 499 எடுத்த 41 பேரில் ஒவ்வொருவரையும் ஒரு முழு ஆளாக எண்ணாமல் 41-இல் ஒரு பங்காக எண்ணினால் 41 பேரும் சேர்ந்து ஒன்று என்றாகும். அதாவது தனக்கு மேலே எத்தனை பேர் என்பதற்குப் பதில் எத்தனை வேறு வேறு மதிப்பெண்கள் என்று எண்ணுகிறோம். கணக்கு வாத்தியார்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நடைமுறையில் இரண்டு தொல்லை. நடுவில் ஒரு செல் காலியாக இருந்தால் சுழியத்தால் வகுக்கப்போய் மொத்தப் பட்டியலும் பிழைச் செய்தியாக மாறும். தேர்ச்சி பெறாதவருக்கு வெற்றுச் சரத்தை (எதுவும் இல்லாத எழுத்துத் தொடரை) வைத்தாலும் வம்பு: எக்செலுக்கு எழுத்து என்பது எந்த எண்ணையும்விடப் பெரியது, எனவே அவர் எல்லோருக்கும் மேலே போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு துணை நெடுவரிசை வைத்து அவர்களுக்குச் சுழியம் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. இரண்டாவது தொல்லை வேகம். நாற்பது பேர் வகுப்பில் தெரியாது. ஆயிரம் பேர் கொண்ட பள்ளிப் பட்டியலில் ஒரு மதிப்பெண்ணைத் திருத்தினால் ஃபைல் அப்படியே உறைந்து நிற்கும்.

ரேங்க் எண் கிடைத்தால் போதாது, பெயர் வேண்டும். லார்ஜ் போட்டு முதல் மூன்று மொத்தங்களை எடுத்து, மேட்ச் போட்டு அந்த மொத்தம் எந்த வரிசையில் என்று தேடி, இண்டெக்ஸ் போட்டுப் பெயரைப் பிடிப்பதுதான் எங்கும் சொல்லித்தரப்படும் வழி. இருவர் 472 எடுத்திருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே பெயர் வரும், ஏனென்றால் மேட்ச் முதலில் கண்டவரோடு நின்றுவிடும். இதற்கு மருந்தாக மொத்தத்திலிருந்து வரிசை எண்ணைப் பத்து லட்சத்தால் வகுத்துக் கழிக்கச் சொல்வார்கள். பெயர்கள் பிரிந்துவிடும், உண்மைதான். ஆனால் அப்போது சமத்தை உடைப்பது எது? வருகைப் பதிவேட்டின் வரிசை. எங்கள் பதிவேட்டில் முதலில் பையன்கள், பிறகு பெண்கள், அதற்குள் அகர வரிசை. அப்படியானால் ஒரே மதிப்பெண் எடுத்த அருண் எப்போதும் முன்னால், யாழினி எப்போதும் பின்னால். பெயரைக் காட்டுவதற்காக மட்டும் இதைப் பயன்படுத்தலாம். பரிசு யாருக்கு என்று முடிவுசெய்ய இதைப் பயன்படுத்துவது அநியாயம்.

சமத்தை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் விதியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு ஃபார்முலா எழுத வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. சமமானால் முதலில் கணிதம் பார்க்கப்படும், பிறகு இயற்பியல், இன்னும் சில படிகள் தாண்டிப் பிறந்த தேதி, கடைசியாக ரேண்டம் எண். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உத்தேசப் பட்டியல் போடும்போது இதையே எக்செலில் செய்து பார்த்தேன். கட்-ஆஃபோடு கணிதத்தை ஆயிரத்தாலும் இயற்பியலைப் பத்து லட்சத்தாலும் வகுத்துக் கூட்டி ஒரே எண்ணாக்கலாம். பிறந்த தேதியையும் அதற்குள் திணிக்கப்போனால் எக்செல் தாங்கும் பதினைந்து இலக்க எல்லையில் வந்து முட்டும். அதற்குப் பதிலாகக் கவுண்டிஃப்ஸையே அடுக்கலாம்: கட்-ஆஃப் அதிகமானவர்கள், கூட்டல் கட்-ஆஃப் சமமாக இருந்து கணிதம் அதிகமானவர்கள், கூட்டல் இரண்டும் சமமாக இருந்து இயற்பியல் அதிகமானவர்கள். நீளம்தான். ஆனால் "என் பையன் ஏன் பின்னால?" என்று கேட்டு வருபவருக்கு ஒவ்வொரு துண்டையும் காட்டிப் பதில் சொல்ல முடியும்.

கூகுள் ஷீட்ஸுக்கு வந்தபோது சார்ட்என் என்ற ஒரு ஃபார்முலா இருப்பது தெரிந்தது. இதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றும் புதிர். பட்டியலைக் கொடுத்து, மூன்று என்று சொல்லி, சமமானவர்களை என்ன செய்வது என்பதற்கு 0 முதல் 3 வரை ஒரு எண் கொடுக்க வேண்டும். 0 என்றால் மூன்றே பேர், நாலாவது ஆள் சமமாக இருந்தாலும் வெளியே. 1 என்றால் மூன்றாமவரோடு சமமாக இருப்பவர்களும் உள்ளே. 3 என்றால் முதல் மூன்று வெவ்வேறு மதிப்பெண்கள், அவற்றை எடுத்த அத்தனை பேரும். நம் பள்ளி ரேங்க் அச்சு அசல் இதுதான். தேர்ச்சி பெற்றவர்களை ஃபில்டரால் வடிகட்டி இதற்குள் விட்டால் அறிவிப்புப் பலகைக்கான பட்டியல் தயார். பாட ஆசிரியர்கள் ஆளுக்கொரு நெடுவரிசையில் கைபேசியிலேயே மதிப்பெண் போடுவதும் இங்கேதான் வசதி. மற்றவர் நெடுவரிசையில் கை வைக்க முடியாதபடி பூட்டியும் வைக்கலாம். இணையம் சுணங்கினால்தான் கஷ்டம்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் வடிகட்டும் ஃபில்டர், அடுக்கும் சார்ட்பை, மேலிருந்து வேண்டிய அளவு எடுக்கும் டேக் மூன்றையும் கோத்தால் கிட்டத்தட்ட அதே பலன். பட்டியல் தானாக விரியும். விரியும் இடத்தில் ஏதாவது இருந்தால் ஸ்பில் பிழை. நம் அலுவலகப் படிவங்களில் இணைத்த செல் இல்லாத பக்கத்தை நான் பார்த்ததே இல்லை, ஆகவே இந்தப் பிழையும் அடிக்கடி வரும். ஃபார்முலாவைத் தனி ஷீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: தேர்வுக்கு வராதவருக்கு மொத்தத்தில் "ஆப்சென்ட்" என்று எழுதி இறங்குவரிசையில் அடுக்கினால் அவர்தான் முதலில் நிற்பார். காரணம் முன்பு சொன்னதுதான், எழுத்து எண்ணைவிடப் பெரியது. லிப்ரே ஆபீஸில் ஃபில்டரும் சார்ட்பையும் 2024-இல் வந்த 24.8 பதிப்பில்தான் சேர்ந்தன. அதற்கு முந்தையது இருந்தால் கவுண்டிஃப்ஸே கதி. காசு கொடுக்காமல், இணையம் இல்லாமல் வேலை ஆக வேண்டும் என்றால் அது ஒன்றும் குறைவில்லை.

ஃபார்முலாவைவிட அதிக நேரம் தின்பது தரவு. இணையதளத்திலிருந்து இறக்கிய பட்டியலில் 98 என்பது எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கும். செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்பதுதான் அடையாளம். சம் அதைக் கண்டுகொள்ளாது, பிள்ளைக்கு 98 குறையும். வேல்யூ போட்டு மாற்ற வேண்டும். ஐந்து பாடத்துக்கும் எண் இருக்கிறதா என்று கவுண்ட் போட்டுப் பார்த்தால் இதுவும் பிடிபடும், வராதவரும் பிடிபடுவார். தமிழ்ப் பெயரை வைத்து மேட்ச் போடுவதையும் தவிர்த்துவிட்டேன். கொற்றவை என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், மேட்சுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்ற தகராறு தனி. ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக உள்ள எமிஸ் எண்ணை வைத்துத் தேடினால் இந்தச் சண்டை எதுவும் இல்லை.

இப்போது என் வழக்கம்: மதிப்பெண் பதிவும் முதல் மூன்று ரேங்க் பட்டியலும் கூகுள் ஷீட்ஸில், தனித்தனி ரேங்க் கார்டுக்கான எண் கவுண்டிஃப்ஸில், சம்ப்ராடக்ட் பழைய ஃபைல்களில் மட்டும். அலுவலகக் கணினியில் இருப்பது பழைய எக்செல் என்பதால் 365-இல் செய்ததை அப்படியே அனுப்புவதில்லை. அங்கே திறந்து ஒரு செல்லைத் தொட்டாலே, ஃபார்முலாவின் பெயரே தெரியவில்லை என்ற நேம் பிழை வந்துவிடும். மதிப்புகளாக மட்டும் ஒட்டி, கூடவே ஒரு பிடிஎஃப் எடுத்துத்தான் தலைமையாசிரியருக்குப் போகும்.